மறு: ‘டிஃபரன்ஸ் இன் டிஃபரன்சஸ்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

> ‘இரட்டை வேறுபாடு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சுருக்கமாக இருக்கிறது.

வணக்கம்.

சுருக்கம்தான். ஒரு மாற்றம் நடந்த இடத்தில் முன்–பின் வந்த வேறுபாட்டிலிருந்து, அது நடக்காத இடத்தில் வந்த வேறுபாட்டைக் கழித்து, அந்த மாற்றத்தின் விளைவை மதிப்பிடும் முறைக்குத்தான் பெயர் தேடுகிறோம். ஆனால் வகுப்பில் அந்தப் பெயரைப் பலகையில் எழுதியபோது, ஒரு மாணவி வேறுபாட்டை இரண்டால் பெருக்கிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, ‘இரட்டை’ என்றால் இரண்டு மடங்கு என்றுதானே தோன்றும்? ஒரு வேறுபாட்டிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறோம் என்பது அந்தப் பெயரில் இல்லை.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் உயர்வு இல்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரு பக்கமுமாக 410 துரித உணவகங்களிடம் உயர்வுக்கு முன்னும் பின்னும் ஆள் கணக்குக் கேட்டார்கள். முழுநேர வேலைக் கணக்கில் (பகுதிநேர ஆளை அரை ஆளாக எண்ணி), கடைக்குச் சராசரியாக நியூ ஜெர்சியில் 20.44 ஆக இருந்தது 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் 23.33 ஆக இருந்தது 21.17 ஆகக் குறைந்தது. இங்கே 0.59 கூடியது, அங்கே 2.16 குறைந்தது. கழித்தால் 0.59 − (−2.16) = 2.75. கூலி ஏறினால் ஆள் குறையும் என்ற பாடத்தையே அசைத்துப் பார்த்த எண் இது.

இப்போது சொற்களைக் கவனியுங்கள். 0.59 என்பது ஒரே மாநிலத்தில் காலப்போக்கில் வந்த மாற்றம். 2.75 என்பது இரண்டு மாற்றங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டது. நமக்கோ இரண்டு சொற்கள் தயாராக இருக்கின்றன. ஆகவே என் பரிந்துரை: ‘மாற்ற வேறுபாடு’.

---

> ‘மாற்ற’ என்பதை ‘மாற்றுவதற்கு’ என்று படித்துவிட மாட்டார்களா? அப்புறம், முதலில் மாநிலங்களுக்கு இடையே கழித்துவிட்டு, பிறகு முன்–பின் கழித்தாலும் அதே விடைதானே?

முதல் கேள்வி சரி, ஏற்கிறேன். ‘மாற்றங்களின் வேறுபாடு’ என்று விரித்துவிடலாம். நீளம் கொஞ்சம் கூடினாலும் குழப்பம் இல்லை.

இரண்டாவதும் உண்மை. நியூ ஜெர்சி முன்பு 2.89 பின்தங்கியிருந்தது, பின்பு வெறும் 0.14. இடைவெளி சுருங்கியது அதே 2.75தான். இருந்தாலும் நான் மாற்றத்தையே முன்னால் வைப்பேன், ஏனென்றால் முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இரண்டு மாநிலக் கடைகளும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. கூலி உயராமல் இருந்திருந்தால், நியூ ஜெர்சியும் பென்சில்வேனியா மாறிய அளவுக்கே மாறியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். அது பொய்த்தால் 2.75க்குப் பொருள் இல்லை.

அந்த எடுகோளுக்கு ‘இணைபோக்கு’ என்று வைக்கலாமா? இணைகோடு தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம். இலங்கையில் கணக்குப் படித்தவர்களுக்குச் ‘சமாந்தரம்’தான் பழக்கம், அவர்களுக்குச் ‘சமாந்தரப் போக்கு’ இயல்பாக வரும். இரண்டையும் பதிவில் சேர்த்துவிடுவோம்.

பென்சில்வேனியாவைக் ‘கட்டுப்பாட்டுக் குழு’ என்று மட்டும் எழுத வேண்டாம். அதை யாரும் கட்டுப்படுத்தவில்லை, ஒப்பிட்டுத்தான் பார்த்தார்கள். ‘ஒப்பீட்டுக் குழு’ போதும்.