கலைச்சொல் வேண்டும்: கொடுத்த எழுத்துகள் எல்லாம் அடங்கிய நீளச்சொல்

காட்பாடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியில் பயிற்சித்தாள் தயாரிக்கிறேன். திங்கட்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். சில ஆங்கில எழுத்துகளைக் கொடுத்தால், அவை எல்லாம் அடங்கிய, இன்னும் நீளமான சொற்களை நிரல் தேடி எடுக்க வேண்டும். வேலூரின் ஏழு ஆங்கில எழுத்துகளைக் கொடுத்துப் பார்த்தேன். 'லவ்லியர்' வந்தது, கூடுதலாக ஓர் ஐ மட்டும்தான். 'ஓவர்வெல்மிங்லி'யும் வந்தது, அது 14 எழுத்து. இந்த மாதிரிச் சொல்லுக்கு ஒரு பெயர் வேண்டும். 'கொடுக்கப்பட்ட எழுத்துகளை உள்ளடக்கிய நீளமான சொல்' என்று ஒவ்வொரு வினாவிலும் எழுதினால் பிள்ளைகள் படித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஆற்காட்டிலிருந்து:
இதற்கு வெளியே தேட வேண்டாம் அம்மா. எழுத்துகளை வைத்து வித்தை காட்டும் நம் சித்திரகவியிலேயே இருக்கிறது. ஒரு சொல்லோடு எழுத்தைக் கூட்டிக் கூட்டி வேறு வேறு சொல்லாக்குவது எழுத்துவருத்தனம். குறைத்துக்கொண்டே போனால் அக்கரச்சுதகம். தண்டியலங்காரத்தில் கூடசதுக்கம் என்றும் ஒன்று உண்டு: நான்காம் அடியின் எழுத்துகள் எல்லாம் மேல் மூன்றடிக்குள் மறைந்து கிடக்கும். உங்கள் நிரல் தேடுவதும் அதைத்தானே? ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு மறைந்திருந்தால் கரந்துறைபாட்டு என்றார்கள். சொல் மறைந்திருந்தால் 'கரந்துறைசொல்'. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இதை ஒருமுறை விளக்கிவிட்டால், கணினிப் பாடத்தோடு அணியிலக்கணமும் உள்ளே போய்விடும்.

குடியாத்தத்திலிருந்து:
ஆற்காட்டு ஐயாவுக்கு வணக்கம். வருத்தனம், அக்கரம், சுதகம், சதுக்கம் எல்லாம் வடமொழி வழி வந்தவை. 'எழுத்துவருத்தனம்' என்றால் எழுத்துக்கு என்ன வருத்தம் என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். கரந்துறை நல்ல தமிழ், மறுக்கவில்லை. ஆனால் கரத்தல் என்றால் ஒளித்தல். 'லவ்லியரில்' வேலூர் ஒளியவில்லை, கலைந்து கிடக்கிறது. கொள்கலம் என்கிறோமே, அதே வழியில் 'கொள்சொல்' என்று வைக்கலாம். வினைத்தொகை, ஆகவே வலி மிகாது, ளகரமும் திரியாது.

ராணிப்பேட்டையிலிருந்து:
சொல் வைக்குமுன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். நான் நிரல் எழுதிப் பிழைப்பவன், அதனால் சொல்கிறேன். ஆற்காட்டின் ஆங்கில எழுத்துகளை எடுங்கள்: ஏ, ஆர், சி, ஓ, டி. 'நார்காட்டிக்' என்ற சொல்லின் நடுவில் இந்த ஐந்தும் இதே வரிசையில் ஒட்டிக்கொண்டே வருகின்றன. 'ஆப்ரிகாட்'டிலும் அதே வரிசைதான், ஆனால் நடுவில் பி ஒன்றும் ஐ ஒன்றும் புகுந்துவிட்டன. 'கேரட்'டில் ஐந்தும் இருக்கின்றன, வரிசை போய்விட்டது, ஓர் ஆர் கூடுதல். மூன்றுக்கும் நிரல் வேறு. முதலாவதற்கு ஒரே வரி போதும். இரண்டாவதற்கு இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக்கொண்டு போக வேண்டும். மூன்றாவதற்கு ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும்.

இந்த எண்ணிக்கையில்தான் பிள்ளைகள் வழுக்குவார்கள். எழுத்துகளைக் கணமாக (பைத்தானில் set) மாற்றிவிட்டால் இரட்டித்த எழுத்து ஒன்றாகிவிடும். அப்போது வேலூருக்கு 'ரெவல்யூஷன்' என்ற விடையும் வரும். அது தவறு. வேலூருக்கு இரண்டு எல், இரண்டு இ வேண்டும். அதில் ஒவ்வொன்றுதான் உண்டு.

ஆற்காட்டிலிருந்து:
தவறான விடையானாலும் பொருத்தமான விடை! 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டையில் நடந்தது என்ன பின்னே?

குடியாத்தத்திலிருந்து:
அதைச் சிப்பாய்க் கலகம் என்று இன்னும் சிலர் எழுதுகிறார்கள். புரட்சி என்றே எழுத வேண்டும். 1857-க்கு அரை நூற்றாண்டு முந்தியது அது.

காட்பாடியிலிருந்து:
கோட்டைக்குத் தனி இழை தொடங்கலாமா? எனக்குத் திங்கட்கிழமை அச்சு.

வாணியம்பாடியிலிருந்து:
இன்னொரு சிக்கல். 'எழுத்து' என்று வரையறையில் எழுதும்போது ஆங்கில எழுத்து என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள். ஏதாவது ஒரு பிள்ளை தமிழில் செய்து பார்க்கத்தான் செய்யும், பார்க்கவும் வேண்டும். 'வேலூர்' நம் கண்ணுக்கு 3 எழுத்து. உயிரும் மெய்யுமாகப் பிரித்தால் வ், ஏ, ல், ஊ, ர் என்று 5. பைத்தானைக் கேட்டால் 6 என்கிறது; ஏகாரக் குறி, ஊகாரக் குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுகிறது. தொல்காப்பியர் எழுத்து முப்பது என்றாரே, அந்த வழியில் உயிரும் மெய்யுமாகப் பிரித்துவிட்டுத் தேடுவதே தமிழுக்குச் சரி என்பேன். இதை விளக்க ஒரு வகுப்பே ஒதுக்கலாம்.

சொல்லுக்கு என் பரிந்துரை 'பொதிசொல்'. 'கொள்சொல்' வேண்டாம். வகுப்பில் பலர் நாக்கில் ளகரமும் லகரமும் ஒன்றுதான். 'கொல்' என்றே காதில் விழும்.

குடியாத்தத்திலிருந்து:
நாக்கு திருந்த வேண்டுமே தவிரச் சொல் திருந்தக் கூடாது. ளகரம் சொல்ல வராத பிள்ளைக்கு ளகரம் சொல்லிக்கொடுப்பதும் பள்ளியின் வேலைதான்.

காட்பாடியிலிருந்து:
நேற்று இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதி, விளக்கம் சொல்லாமல், என்ன புரிகிறது என்று கேட்டேன். 'பொதிசொல்' என்றதும் பின்வரிசைப் பையன் "உள்ளே ஏதோ கட்டி வெச்சிருக்கு டீச்சர்" என்றான். எனக்கு அது போதும். நார்காட்டிக் தொடர்பொதி, ஆப்ரிகாட் இடையிட்ட பொதி, கேரட் கலைந்த பொதி. எதுகையில் இடையிட்டு வருவதைப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், அதனால் நடுச்சொல்லும் புதிதல்ல. ராணிப்பேட்டை, வாணியம்பாடி நண்பர்கள் சரி என்கிறார்கள். ஆற்காட்டு ஐயா சொன்ன கூடசதுக்கத்தைக் கூடுதல் வாசிப்புக் கட்டத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஆற்காட்டிலிருந்து:
கட்டத்திலாவது இடம் கிடைத்ததே, மகிழ்ச்சி அம்மா. கரந்துறைசொல்லே மேல் என்பதில் எனக்கு மாற்றமில்லை.

குடியாத்தத்திலிருந்து:
பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. ஒரு கேள்வி மட்டும். பொதிசோறு என்றால் பொதிந்து வைக்கப்பட்ட சோறு. பொதிகிற இலையை யாரும் பொதிசோறு என்பதில்லை. அந்த வழக்குப்படி பொதிசொல் ஆற்காடுதான், ஆப்ரிகாட் அல்ல. உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் ஒரே பெயர் வைத்தால் மூன்றாம் வினாவில் பிள்ளைகள் எதை எழுதுவார்கள்?

காட்பாடியிலிருந்து:
மூன்றாம் வினாவில் 'பொதிசொல் (நீளமானது)' என்று அடைப்புக்குறி போட்டுவிட்டேன். தாள் அச்சகத்துக்குப் போய்விட்டது. அடுத்த பதிப்புக்குள் வேறு நல்ல சொல் கிடைத்தால் எழுதுங்கள்.