மெத்தையை மாற்றியபின் கழுத்து வலி: தலையணையின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

கேட்டவர்:
வணக்கம். எனக்கு 46 வயது. எப்போதும் வலப்பக்கமாக ஒருக்களித்தே படுப்பேன். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தென்னைநார் மெத்தையும் இலவம்பஞ்சுத் தலையணையும் பயன்படுத்தி வந்தேன். ஒரு குறையும் இருந்ததில்லை. மூன்று மாதங்களுக்கு முன் மெத்தையை மட்டும் கனமான ஃபோம் மெத்தையாக மாற்றினோம். அதன்பின் காலையில் எழும்போது கழுத்து பிடித்துக்கொள்கிறது. தலையணைதான் பழசாகிவிட்டது என்று நினைத்து, அதைவிடச் சற்று உயரமான மெமரி ஃபோம் தலையணை வாங்கினேன். வலி குறையாததோடு கூடியும் விட்டது. இதைவிட உயரமாக வாங்க வேண்டுமா, வேறு பொருளுக்கு மாற வேண்டுமா?

மறுமொழி 1:
தலையணையே இல்லாமல் படுத்துப் பாருங்கள். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் தூங்குகிறேன்.

மறுமொழி 2:
மேலே சொன்ன யோசனை குப்புறப் படுப்பவருக்குப் பொருந்தலாம். ஒருக்களித்துப் படுப்பவர் அப்படிச் செய்தால் தோளின் உயரத்துக்குத் தலை கீழே தொங்கும். ஐயா, வலி கைக்கு இறங்குகிறதா, விரல்கள் மரத்துப் போகின்றனவா என்பதை முதலில் சொல்லுங்கள். அப்படி இருந்தால் தலையணை ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

கேட்டவர்:
மரத்துப் போகவில்லை, அம்மா. கழுத்தில் மட்டும்தான் வலி. குளித்து முடிப்பதற்குள் தளர்ந்துவிடுகிறது.

மறுமொழி 3:
எங்கள் குடும்பத்துக்கு மெத்தை, தலையணை தைப்பதே தொழில் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: மாறியது மெத்தை, தலையணை அன்று. ஒருக்களித்துப் படுக்கும்போது காதுக்கும் படுக்கைக்கும் நடுவே விழும் இடைவெளியை நிரப்புவதுதான் தலையணையின் வேலை. தென்னைநார் மெத்தை இறுக்கமானது. தோள் அதில் அதிகம் புதையாது, ஆகவே இடைவெளி பெரிதாக இருக்கும். ஃபோம் மெத்தையில் தோள் அமிழ்ந்துவிடுவதால் இடைவெளி குறைகிறது. முன்பு சரியாக இருந்த அதே தலையணை இப்போது உயரமாகிவிட்டது; நீங்கள் அதற்கும் உயரமான ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள்.

அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. தோள் சுவரில் படும்படி பக்கவாட்டில் நேராக நின்று, காதுக்கும் சுவருக்கும் உள்ள தொலைவை வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். அது 13 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், படுக்கும்போது தோள் 4 செ.மீ. புதைந்தால், உங்களுக்கு வேண்டியது 9 செ.மீ. மட்டுமே. அதுவும் தலை அழுத்திய பிறகு இருக்கும் உயரம். கடையில் உறையின் மேல் எழுதியிருக்கும் உயரத்தை நம்பி வாங்கக் கூடாது. படுத்திருக்கும்போது முதுகுப்பக்கமிருந்து ஒரு படம் எடுக்கச் சொன்னால், தலை முதுகெலும்பின் கோட்டிலேயே இருக்கிறதா, மேலே தூக்கி நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

புதிதாக எதையும் வாங்காதீர்கள். பழைய இலவம்பஞ்சுத் தலையணையின் ஓரத்தையலைப் பிரித்து, பஞ்சைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துப் பாருங்கள். மெமரி ஃபோமில் இந்த வசதி கிடையாது. மேலும் அது சூட்டில் இளகி, குளிரில் இறுகும் தன்மை கொண்டது என்பதால், குளிர்சாதன அறையில் படுத்தவுடன் கல்போலத் தோன்றும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு பிரியுங்கள். இலவம்பஞ்சு பறக்கத் தொடங்கினால் வீடு முழுவதும் ஒரு வாரம் கிடக்கும். கட்டி தட்டியிருந்தால் உதிர்த்து விடுங்கள். தண்ணீரில் நனைக்காதீர்கள், வெயிலில் காயவைத்தால் போதும். ஃபோம் தலையணையை மட்டும் வெயிலில் போடாதீர்கள், சீக்கிரம் பொடிந்துவிடும்.

மறுமொழி 2:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். தோளைத் தலையணையின்மேல் ஏற்றிப் படுத்தால் எந்த அளவும் பயன்படாது. தலையும் கழுத்தும் மட்டுமே அதில் இருக்க வேண்டும். மாற்றம் செய்தபின் மூன்று நான்கு இரவாவது பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கைப்பிடியை எடுங்கள்.

கேட்டவர் (பதினொரு நாள் கழித்து):
அளவு 14 செ.மீ. வந்தது. மனைவி எடுத்த படத்தில் என் தலை கூரையைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. முதலில் இரண்டு கைப்பிடியும், நான்கு நாள் கழித்து மேலும் ஒன்றும் எடுத்தேன். கடந்த ஐந்து காலைகளாகக் கழுத்து பிடிக்கவில்லை. எடுத்த பஞ்சைப் பையில் கட்டி வைத்திருக்கிறேன். மல்லாந்து படுக்கும் என் மகன் மெமரி ஃபோம் தலையணையைக் கேட்கிறான். அவனுக்கு அது உயரம் என்று தோன்றுகிறது.

மறுமொழி 3:
மல்லாந்து படுப்பவருக்கு அந்த உயரம் தாடையை நெஞ்சுப்பக்கம் தள்ளும். அந்தப் பையில் உள்ள பஞ்சையே மெல்லிய உறையில் தைத்துக் கொடுங்கள்.