மறு: 'ஆயில் ஸ்டார்வேஷன்' தமிழ்ல என்ன? 'எண்ணெய்ப் பட்டினி' வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம்,

நம்ம கார் கலைச்சொல் கையேட்டுக்காக, 'ஆயில் ஸ்டார்வேஷன்'ங்கறதுக்கு, அதாவது இஞ்சின் ஆயில் பம்புக்கு வேண்டிய அளவு ஆயில் போய்ச் சேராததுக்கு, தமிழ்ச் சொல் தேடற இந்த இழையை மூணு நாளா படிச்சுட்டேதான் இருக்கேன், வேலைத் தொல்லையில பதில் போட முடியல. இதுவரைக்கும் வந்திருக்கறது எண்ணெய்ப் பட்டினி, உயவுப் பஞ்சம், எண்ணெய் வறட்சி. மூணும் காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா மூணுமே நோயை விட்டுட்டு நோயாளியைத் திட்டற மாதிரி எனக்குப் படுது. ஏன்னு சொல்லணும்னா ஒரு கார் கதை சொல்லியாகணும், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

என் அத்தை பையன் செகண்ட் ஹேண்டுல ஒரு டர்போ பெட்ரோல் செடான் வாங்கினான். ஐரோப்பா கார், 15 வருஷத்துக்கு மேல ஆன வண்டி, ஓடினது 90,000 கி.மீ.ன்னு மீட்டர் சொல்லுது, மீட்டர் சொல்றதை இந்த ஊர்ல யாரு நம்பறா. வாங்கின சூட்டோட இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு ஓட்டிட்டுப் போயிட்டான். நாலாவது ரவுண்டுல ஒரு நீள வளைவுல திரும்பறப்போ டேஷ்போர்டுல அந்த சிவப்புக் கிண்டி கண்ணடிச்சிருக்கு (கிண்டின்னா ஊர் இல்ல, மூக்கு வெச்ச செம்பு, அந்த விளக்குப் படம் அச்சு அசல் அதே மாதிரிதான் இருக்கும்). வண்டி நேரானதும் அணைஞ்சுபோச்சு. பையன் பயந்து உடனே ஓரங்கட்டிட்டான், அது ஒண்ணுதான் அன்னைக்கு அவன் பண்ண நல்ல காரியம். ஏன்னா ரொம்ப கார்கள்ல அந்த விளக்கு எரியறதே ஆயில் அழுத்தம் அரை பாருக்குக் (பார்ங்கறது அழுத்தத்தை அளக்கற அலகு) கீழ போனப்புறம்தான், எச்சரிக்கைன்னு நாம நினைக்கறோம், உண்மையில அது சாவு மணிக்கு ஒரு படி முன்னாடி.

அடுத்து ஒரு ஒர்க்‌ஷாப். "ஆயில் பிரஷர் கம்மி சார், வயசான இஞ்சின், பேரிங் லூஸ் ஆயிருக்கும், திக்கா ஊத்தினா சரியாயிடும்"னு சொல்லி 5டபிள்யூ-40 ஆயில் இருந்த இடத்துல அதை விடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊத்தி, சென்சாரையும் மாத்தி பில்லு போட்டுட்டாங்க. மறுநாள் காலையில இருந்து நிலைமை இன்னும் மோசம். முன்னாடி ஸ்டார்ட் பண்ண உடனே அணையற விளக்கு இப்போ அஞ்சாறு நொடி எரியுது, மேல வால்வைத் தட்டற டப்பெட் பக்கத்துல இருந்து தட தடன்னு சத்தம் வேற.

நம்ம விவாதத்துக்கு வேண்டிய இடம் இதுதான். அவங்க பண்ண வேலை தப்பு, ஆனா அந்தத் தப்பு 'ஆயில் பிரஷர் கம்மி'ங்கற வார்த்தையிலயே உக்காந்திருக்கு. அது காய்ச்சல்ங்கற மாதிரி ஒரு அறிகுறி, அவ்ளோதான். டெங்குவுக்கும் காய்ச்சல், டைபாய்டுக்கும் காய்ச்சல், மருந்து ஒண்ணா?

அப்புறம்தான் போரூர்ல இருக்கற எங்க பழைய மெக்கானிக்கிட்ட போனோம். மனுஷன் ஸ்பேனரையே தொடல. முதல்ல ஆயில் ஸ்டிக்கை உருவிப் பாத்தார், அளவு சரி. மோந்து பாத்தார், பெட்ரோல் வாடை இல்ல (பெட்ரோல் கலந்தா ஆயில் தண்ணியாயிடும், அதுலயும் அழுத்தம் விழும்). ரெண்டு விரல்ல தேச்சுப் பாத்தார். அதுக்கப்புறம் புதுசா போட்ட சென்சாரைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில முள்ளு வெச்ச கேஜை நேரா முறுக்கினார், எலக்ட்ரிக் சமாச்சாரம் பொய் சொல்லும், இது சொல்லாதுன்னு.

குளிர்ந்த இஞ்சின், விளக்கு அணைஞ்சப்புறம் 4 பார். ஆற்காடு ரோட்டுல அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்தோம், மெட்ரோ வேலை நடக்கற ரோட்டுல இஞ்சினை சூடாக்க தனியா டெஸ்ட் எதுவும் வேணாம். ஐடில்ல (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காம சும்மா ஓடறப்போ) 1.2. இது வரைக்கும் பரவால்ல. அப்புறம் 3,000 ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு 3,000 சுத்து) ஏத்தி அப்படியே புடிச்சுட்டு நின்னார். ஊசி 3 வரைக்கும் போச்சு, நின்னுச்சு, உடனே நடுங்கிட்டே 1.5க்கு இறங்கிடுச்சு. பழைய பட்டறைக் கணக்கு ஒண்ணு இருக்கு, 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 0.7 பார். அந்தக் கணக்குல 3,000த்துக்கு 2 பாராவது நிக்கணும். அவர் கேஜைப் பாத்துட்டே சொன்னது:

"வரத்து இல்ல சார். பம்பு இழுக்குது, வரத்து இல்ல."

அவர் ஊர் மதுராந்தகம் பக்கம், ஏரிப் பாசனத்துல வளந்தவர். கலைச்சொல் கமிட்டி எதுலயும் உக்காந்தவர் இல்ல. ஆனா நாம மூணு நாளா தேடற சொல் அவர் வாயில தானா வந்துச்சுங்க.

சம்ப்பை (இஞ்சினுக்கு அடியில ஆயில் தேங்கற தொட்டி) இறக்கினோம். ஆயில் உறிஞ்சற குழாய் வாயில இருக்கற ஸ்ட்ரெய்னர் சல்லடையில முக்கால்வாசி கறுப்பா அடைச்சுக்கிட்டு, பில்டர்ல அடியில தங்கற காபித்தூள் சக்கையை நாலு நாள் காயவிட்டா எப்படி இறுகிப்போகும், அப்படி. நகத்தால சுரண்டினா பொருக்கு பொருக்கா வருது. சம்ப் நிறைய நாலரை லிட்டர் ஆயில் இருக்கு, அந்த ஆயிலுக்குள்ள முங்கிக்கிட்டுதான் அந்த சல்லடை மூச்சு முட்டிக் கிடந்துச்சு. ஐடில்ல பம்புக்குக் கொஞ்சம் போதும், அது வருது. ரெய்ஸ் பண்ணா பம்பு ஜாஸ்தி கேக்குது, வழி இல்ல, ஊசி விழுது. வளைவுல ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கினா இருக்கற கொஞ்ச வழியிலயும் காத்து போகுது, விளக்கு எரியுது. குளிர்ல கெட்டி ஆயிலை அந்த அடைப்பு வழியா இழுக்கறது இன்னும் கஷ்டம், அதான் காலையில அஞ்சாறு நொடி. திக்கா ஊத்தினது வைத்தியமே இல்ல, விஷம்.

இதையே பேரிங் தேஞ்ச இஞ்சினோட ஒப்பிட்டுப் பாருங்க, நேர் எதிர். பம்பு அழுத்தத்தை உண்டு பண்றது இல்ல, அது ஓட்டத்தைத்தான் குடுக்குது. அந்த ஓட்டத்துக்கு முன்னாடி இருக்கற குறுகல்தான் அழுத்தம், ஹோஸ் பைப் வாயை விரலால மூடினா தண்ணி பீய்ச்சற கதை. இஞ்சின்ல அந்த விரல், சுத்தற தண்டான கிராங்குக்கும் அதைத் தாங்கற பேரிங்குக்கும் நடுவுல இருக்கற இடுக்கு, சாதாரணமா 0.03ல இருந்து 0.06 மில்லிமீட்டர், தலைமுடியை விட மெல்லிசு. அந்த இடுக்கு ரெண்டு மடங்கானா ஒழுகற ஆயில் ரெண்டு மடங்கு ஆகாது, கிட்டத்தட்ட எட்டு மடங்கு ஆகும். அப்போ சூடான ஐடில்ல ஊசி தரையோட கிடக்கும், ரெய்ஸ் பண்ணப் பண்ண ஏறும், ஏறினது நிக்கும். எங்க வண்டியில ஏறினது நிக்கல. இந்த ஒரு வித்தியாசத்துலதான் சம்ப்பை மட்டும் இறக்கறதா, இல்ல இஞ்சினையே இறக்கறதாங்கறது இருக்கு.

அதனால என் முன்மொழிவு. ஆயில் ஸ்டார்வேஷனுக்கு எண்ணெய் வரத்துக்குறை. பேரிங் வழியா ஆயில் போயி அழுத்தம் விழறதுக்கு எண்ணெய்ப் போக்குமிகை. வறட்சிங்கறதை சம்ப்புல அளவே இல்லாம போறதுக்குத் தனியா வெச்சுக்கலாம், ஏரியிலயே தண்ணி இல்லன்னாதானே வறட்சி. பட்டினி வேணவே வேணாம்.

ஏரி வந்ததால இன்னொண்ணு. அழுத்தம் அளவுக்கு மேல போனா திறந்து மிச்ச ஆயிலைத் திருப்பி விடற ரிலீஃப் வால்வை நம்ம புத்தகங்கள்ல 'தணிப்பு ஓரதர்'னு பாத்தேன். ஓரதர்னா என்னன்னு எந்த மெக்கானிக்குக்குத் தெரியும்? ஏரியில அதே வேலையைப் பண்றது கலங்கல். தண்ணி மட்டம் ஏறினா தானா வழியும், யாரும் திறக்க வேணாம். இந்த உவமை எவ்ளோ தூரம் வருதுன்னா, கொஞ்சம் அதிகம் தண்ணி புடிக்க ஊர்ல கலங்கல் மேல மண் மூட்டை அடுக்குவாங்க இல்லையா, நம்ம பசங்க ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில ஒரு வாஷர் சொருகி அழுத்தத்தை ஏத்தறது அதே வேலைதான். சூடான ஐடில்ல அந்த வால்வு மூடியேதான் கிடக்கும், அங்க வாஷர் போட்டு என்ன பிரயோஜனம், வத்தின ஏரியில கலங்கலை உசத்தின கதை. ஆனா அந்த வால்வு கசடு மாட்டித் திறந்தபடியே சிக்கிக்கிட்டா அது வேற நோய், அப்போ எல்லா ஆர்பிஎம்லயும் அழுத்தம் கம்மியாவே இருக்கும்.

சல்லடையை அடைச்ச அந்தக் கறுப்புக் கசடு இருக்கே, ஸ்லட்ஜ், அதுக்கு வண்டல்னே சொல்லிடலாம். அதை எடுக்கறது தூர் வாரறது. ஃப்ளஷ் மருந்து ஊத்தி வண்டலைக் கரைக்கறேன்னு யாராவது சொன்னா வேணாம்னுடுங்க, பாதி கரைஞ்சது நேரா சல்லடைக்குத்தான் வரும்.

அன்புடன்,
வடபழனியிலிருந்து

---

> எண்ணெய் வரத்துக்குறை

தம்பி, கதை பிரமாதம், ஆனா சொல்லுல ஒரு சங்கடம். 'எண்ணெய் வரத்து குறைவு'ன்னு தலைப்பு வெச்சா படிக்கறவங்க கோயம்பேடு விலை நிலவரம்னு நினைப்பாங்க. கடலை எண்ணெய் லிட்டருக்கு எவ்ளோ ஏறிடுச்சுன்னு கீழ தேடுவாங்க. நான் 30 வருஷம் மொழிபெயர்ப்பு வேலை பாத்தவ, தலைப்பை மட்டும் படிக்கற வாசகரை எனக்கு நல்லாத் தெரியும்.

அப்புறம் அந்தப் 'போக்குமிகை'. என் வீட்டுக்காரர் பக்கத்துல இருந்து எட்டிப் பாத்துட்டு, "இஞ்சினுக்கு வயித்துப்போக்கா, ஓ.ஆர்.எஸ். குடுங்க"ங்கறார்.

முன்னாடி மசகுன்னு போடலாமா? மசகு வரத்துக்குறை?

---

அக்கா, கோயம்பேடு எனக்குத் தோணவே இல்ல, சிரிச்சுட்டேன். நீங்க சொல்றது சரி, 'எண்ணெய்' அங்க நிக்காது.

ஆனா மசகு வேணாம்க்கா. நமக்கு அது வண்டி மை, இலங்கைப் பத்திரிகைகள்ல மசகு எண்ணெய்னா கச்சா எண்ணெய். ஈழத்து வாசகர் ஒருத்தர் 'மசகு வரத்துக்குறை'ன்னு படிச்சா கப்பல் வரலைன்னு நினைப்பார், கோயம்பேட்டுல இருந்து தப்பிச்சு துறைமுகத்துல மாட்டின மாதிரி ஆயிடும். உயவுன்னு வெச்சா ரெண்டு கரையிலயும் உராயாம வழுக்க வைக்கறதுங்கற ஒரே பொருள்தான், அதோட 'உயவுநெய்'ங்கறது மாட்டு வண்டி அச்சுக்குப் போடற எண்ணெய்க்கு அகராதியிலயே இருக்கற சொல். பழைய பாட்டுல உயவுக்கு வருத்தம்னும் பொருள் உண்டு, காரோட சொந்தக்காரரைக் கேட்டா அதுவும் பொருத்தம்னுதான் சொல்லுவார். ஆக, உயவு வரத்துக்குறை.

போக்குமிகையை நானே வாபஸ் வாங்கிக்கறேன், அதை எழுதறப்பவே எனக்குள்ள ஒரு கூச்சம் இருந்துச்சு. உள்ளொழுக்கு எப்படி இருக்கு? மழைக்கு வீடு ஒழுகற ஒழுக்கு. ஆயில் வெளிய ஒரு சொட்டு வராது, தரையில கறை இருக்காது, எல்லாம் உள்ளுக்குள்ளயே ஒழுகி சம்ப்புக்குத் திரும்பிடும், ஆனா அழுத்தம் போயிடும். 'எங்கயும் லீக் இல்லையே சார், அப்புறம் ஏன் பிரஷர் இல்ல'ன்னு கேக்கறவங்களுக்கு சொல்லே பதில் சொல்லிடுது.

காரைப் பத்தி தனி மடல்ல கேட்டிருந்தீங்க. சல்லடையைக் கழுவல, புதுசே போட்டாச்சு, குழாய் சேர்ற இடத்துல இருக்கற ஓ-ரிங்கும் புதுசு (அது காஞ்சு வெடிச்சாலும் காத்து இழுத்து இதே நாடகம் நடக்கும்). பழைய ஆயில் ஃபில்டரை ஹேக்ஸா பிளேடால அறுத்து மடிப்பைப் பிரிச்சு வெயில்ல புடிச்சுப் பாத்தார். இரும்புத் தூளா இருந்தா காந்தத்துல ஒட்டும், பேரிங் மேல்பூச்சு ஒட்டாது, மினுமினுன்னு மட்டும் தெரியும். ரெண்டு மூணு மினுக்குதான் இருந்துச்சு. சந்தேகத்துக்கு ஒரு ராட் கேப்பைக் (பிஸ்டன் ராடைக் கிராங்கோட சேத்துப் புடிக்கற மூடி) கழட்டலாம்னு நான் சொன்னேன், "புது போல்ட் கையில இருக்கா? இந்த வண்டிக்கு போல்ட் ஒரு தடவைதான், இழுத்து இறுக்கினது மறுபடி ஆகாது"ன்னார். பழைய பார்ட்ஸ் விக்கற புதுப்பேட்டையில அந்த போல்ட் கேட்டா பழசைத்தான் துடைச்சுக் குடுப்பாங்க. ஆர்டர் போட்டு வந்தப்புறம் கழட்டிப் பாத்தோம், பேரிங் சாம்பல் நிறமாவே இருந்துச்சு, ஓரத்துல மட்டும் லேசா செம்பு தெரிய ஆரம்பிச்சிருக்கு. பிளாஸ்டிகேஜ்னு இடுக்குல வெச்சு நசுக்கற இழை ஒண்ணு இருக்கு, அது நசுங்கின அகலத்தை வெச்சு இடுக்கு 0.05 மில்லிமீட்டர். இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

5டபிள்யூ-40க்கே திரும்பிட்டோம். அதே ஆற்காடு ரோடு, அதே சூடு, ஐடில்ல 1.4, 3,000த்துல 3.3, ஊசி அசையல.

---

திருநெல்வேலியிலிருந்து ஒரு குறுக்கீடு. கலங்கல்ங்கறது உங்க பக்கத்துச் சொல். எங்களுக்கு அது மறுகால். குளம் பெருகினா 'மறுகால் பாயுது'ம்போம். வட ஆற்காட்டுக்காரர் வந்தா 'கோடி போகுது'ம்பார், அதையும் இப்பவே கணக்குல வெச்சுக்கங்க. மறுகாலுக்கு என் ஓட்டு, ஏன்னா அந்த வால்வுல இருந்து ஆயில் மறுபடியும்தானே போகுது.

---

அண்ணாச்சி, மறுகால் தண்ணி அடுத்த குளத்துக்குல்ல போகும், இங்க அதே சம்ப்புக்குத்தானே வருது! இருந்தாலும் 'மறு' அங்க கச்சிதமா உக்காருது, அதை மறுக்க முடியல. நேத்து போரூர் போனப்போ மெக்கானிக்கிட்ட ரெண்டையும் சொல்லிப் பாத்தேன். கலங்கலுக்கு உடனே தலையாட்டினார். மறுகால்னதும், "யாருக்கு சார் கால் போச்சு?"ன்னார். இப்போதைக்குக் கையேட்டுல கலங்கல்னு போட்டு பக்கத்துலயே மறுகாலும் போடறேன், தெக்க இருந்து அச்சுக்கு முன்னாடி இன்னும் நாலு ஓட்டு வந்தா மாத்திடலாம்.