மங்குக்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன்: கருநிற முகத்துக்கு எது பொருந்தும்?

வணக்கம். இரவில், மங்கு எனும் கருந்திட்டை மங்க வைக்கும் ஹைட்ரோகுயினோன் 4% கிரீம் பூசி, பகலில் சன்ஸ்கிரீனை விட்டுவிட்டால், கன்னத்தில் மங்கிய மங்கு வெயில் பட்டதும் மறுபடி கருக்கும். இது தெரிந்ததுதான்; சிக்கல் வேறு.

நிறமில்லாத சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 50 ஆனாலும், பெரும்பாலும் புற ஊதாக் கதிரை மட்டுமே தடுக்கும். மாநிற, கருநிறத் தோலில் மங்கைத் தூண்டும் நீல ஒளி உள்ளே போய்விடும். அதைத் தடுக்க, நிறம் தரும் இரும்பு ஆக்சைடு கலந்த வகை வேண்டும். ஆனால் கடையில் கிடைப்பது பலவும் வெளிர்நிறம். கருத்த முகத்தில் சாம்பல் பூசினாற்போல் நிற்கிறது. உடனே அளவைக் குறைத்துவிடுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பூச வேண்டிய இடத்தில் அரை விரல் பூசினால், அட்டையில் போட்ட 50 கிடைக்காது.

உட்பொருள் பட்டியலில் சிஐ 77491, 77492, 77499 (இரும்பு ஆக்சைடுகளின் குறியீட்டு எண்கள்) உள்ள, கருநிறத்தோடு ஒட்டிப்போகிற, வியர்வையோடு கண்ணில் இறங்கி எரியாத வகை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எத்தனை கிராம், என்ன விலை? இரண்டு மணிக்கொரு முறை மேலே பூசும்போது திரிதிரியாக உருள்கிறதா? மாய்ஸ்சரைசர் காயுமுன் பூசினாலும் உருளும், அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

சிவப்பழகு கிரீம் பெயர்கள் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது.