மாம்பழத்தில் ஈ உட்காரலாமா?

பழக்கடை, சாட்ஸ்வர்த்:
இங்கே தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் மாம்பழத்துக்காக ஆங்கிலத்தில் 200 ஸ்டிக்கர் அச்சடித்தேன். ‘மேங்கோ’வின் பன்மை, ஓவுக்கு அடுத்து நேராக எஸ். நேற்று வந்த ஒருவர் பெட்டியை உற்றுப் பார்த்து, “நடுவில் ஈ இல்லையே” என்று சொல்லி, பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். பாதிப் பெட்டிகளில் ஒட்டியாகிவிட்டது. கிழிக்க வேண்டுமா?

டர்பன் டீச்சர்:
கிழிக்காதீர்கள் தம்பி, அடுத்த முறை ஈ போடுங்கள். பொட்டேட்டோ, டொமேட்டோ இரண்டின் பன்மைக்கும் ஈ கட்டாயம். 1992-ல் அமெரிக்கத் துணை அதிபர் டான் குவேல், ஒரு மாணவன் சரியாக எழுதிய ஒற்றைப் பொட்டேட்டோவுக்கே ஈ சேர்க்கச் சொன்னார். ஊரே சிரித்தது.

டோங்காட் குமாஸ்தா:
டீச்சரம்மா, துணை அதிபரையே தடுக்கி விழவைத்த விதியைக் கடைக்காரர் தலையில் கட்டலாமா? பியானோ, ஃபோட்டோ பன்மையில் ஈ எங்கே போயிற்று? மேங்கோ, வால்கேனோ இரண்டுக்கும் அகராதிகளே இரண்டு வடிவமும் தருகின்றன. கூரைக்கு ‘ரூவ்ஸ்’ என்று எழுதியவர்கள் உண்டு, இன்று ‘ரூஃப்ஸ்’தான். குளம்புக்கோ ‘ஹூஃப்ஸ்’, ‘ஹூவ்ஸ்’ இரண்டும் நடமாடுகின்றன.

டர்பன் டீச்சர்:
இரண்டும் உண்டு என்பது எனக்கும் தெரியும். ஈ போட்டால் ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை. போடாவிட்டால் பழத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். வியாபாரிக்கு எது நல்லது?

டோங்காட் குமாஸ்தா:
குறை சொல்பவர்களுக்குப் பயந்தால் மொழி நகராது. ‘சில்ட்ரன்’ எப்படி வந்தது? பழைய பன்மை ‘சில்டர்’. அது போதாதென்று இன்னொரு பன்மை விகுதியை ஒட்டினார்கள். நாம் இங்கே தினமும் கேட்கும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் குழந்தைகளைச் சொல்லும் ‘கிண்டர்ஸ்’ அதே கூத்துதான். ‘அவர்’ என்பதே பன்மையாக இருந்தும் நாம் ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ ஆக்கவில்லையா? பட்டாணியின் கதை இன்னும் வேடிக்கை: முன்பு ‘பீஸ்’ என்பதே ஒருமை. கடைசி ஒலியைப் பன்மை என்று நினைத்து வெட்டி ‘பீ’ என்றார்கள். அந்தத் தப்பைத்தான் இன்று பள்ளியில் சரி என்று கற்றுக்கொடுக்கிறோம்.

ஃபீனிக்ஸ் பேரன்:
ஐயா, ஒரு சந்தேகம். தீபாவளிக்கு நான் ‘வாழ்த்துக்கள்’ என்று போட்டபோது, ‘க்’கை எடு என்று இதே இடத்தில் பன்னிரண்டு பதிவு எழுதியவர் நீங்கள்தானே?

டோங்காட் குமாஸ்தா:
அது வேறு. அங்கே ஒற்று மிகுந்தால் ‘கள்’ குடிக்கிற கள்ளாகிவிடும்.

டர்பன் டீச்சர்:
ஓஹோ, தமிழில் மட்டும் மொழி நகரக் கூடாதாக்கும்! குமாஸ்தா, ‘வாழ்த்துக்கள்’ பார்த்து யார் போதையேறி விழுந்தார்கள்?

டோங்காட் குமாஸ்தா:
பன்னிரண்டு இல்லை, ஒன்பது.

பழக்கடை, சாட்ஸ்வர்த்:
மிச்சமிருக்கும் ஸ்டிக்கரில் பேனாவால் ஈ எழுதிப் பார்த்தேன். பழத்தில் பூச்சி இருக்கிறது என்று அடித்துக் காட்டியதுபோல் இருக்கிறது. அப்படியே ஒட்டிவிடுகிறேன். விலைப் பலகையில் ‘பத்து ராண்ட்’ என்று எழுதியிருக்கிறேன். அதற்கு எஸ் வேண்டுமா டீச்சர்?

டர்பன் டீச்சர்:
வேண்டாம் தம்பி. எனக்கு ஒரு பெட்டி எடுத்து வையுங்கள்.