மகளின் நோட்டில் ஒரு மலையாளச் சொல்: கணவரிடம் சொல்ல வேண்டுமா?

எருத்தேம்பதி அம்மா எழுதியது:

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சந்தைக்குப் பொள்ளாச்சியையும் அரசு அலுவலகத்துக்குச் சித்தூரையும் நம்பியிருக்கும் ஊர் எங்களுடையது. என் மகளுக்கு 16 வயது. பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து, வகுப்பில் முதலிடத்தில் இருந்தவள். ஏகஜாலகம் என்னும் ஒற்றைச் சாளரச் சேர்க்கை முறையில் அவள் விரும்பிய அறிவியல் பிரிவு கிடைத்த பள்ளியில் இந்த ஆண்டு பிளஸ் ஒன் சேர்ந்தாள். அங்கே பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. பேச்சும் சிரிப்பும் சண்டையும் மலையாளத்தில் நடக்கின்றன.

இந்த ஆண்டே வீட்டிலும் ஒரு மாற்றம். 11 ஆண்டுகள் ஷார்ஜாவில் வேலை பார்த்த என் கணவர், மே மாதம் ஊரோடு வந்துவிட்டார். அவர் இல்லாத அத்தனை ஆண்டுகளும் முன்னறையில் ஒரே கோரைப்பாயில் நானும் மகளும் படுத்தோம். விளக்கை அணைத்த பிறகுதான் அவள் பேசவே தொடங்குவாள். யார் யாரோடு பேசவில்லை, எந்த டீச்சர் எப்படிப் புடவை கட்டினார் என்று தூக்கம் வரும்வரை சொல்லிக்கொண்டிருப்பாள். இப்போது அவள் என் மாமியாரின் அறையில் படுக்கிறாள். இதை யாரும் அவளிடம் கேட்டுச் செய்யவில்லை. பாயைச் சுருட்டி அந்த அறையில் கொண்டுபோய் வைத்தது நான்தான்.

சென்ற மாதம் அவளுடைய வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்க்க நேர்ந்தது. எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. பேருந்தைக்கூட நிறத்தையும் நேரத்தையும் வைத்துத்தான் அடையாளம் காண்பேன். அந்தப் பக்கத்தில் ஒரே மலையாளச் சொல் பத்து முறை எழுதப்பட்டிருந்தது. முதல் சில வரிகளில் நடுவிலிருந்த கூட்டெழுத்து சரியாக வரவில்லை போலும், வேறு ஒரு கை பச்சை மையால் மேலே திருத்தியிருந்தது. எட்டாவது வரிக்குப் பக்கத்தில், ஆசிரியர் போடுவதுபோல, ‘சரி’ என்ற குறி. கீழே தன் கையெழுத்தில் தமிழில் ‘இஷ்டம்’ என்று அவளே எழுதி வைத்திருந்ததால் எனக்குப் புரிந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு வகுப்புத் தோழன் அவளுக்கு மலையாள எழுத்து கற்றுக்கொடுக்கிறான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் கேட்கலாமா வேண்டாமா என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது, பள்ளியில் ஓணக் கொண்டாட்டம் வந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து இவளோடு ஒரே பெஞ்சில் இருந்து, இவளோடு சேர்ந்தே இந்தப் பள்ளிக்கும் வந்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய அம்மா நெம்மாறைக்காரர் என்பதால் அவளுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. அந்த அம்மாவின் செட் முண்டை, கேரளத்து இரண்டு துண்டுச் சேலையைத்தான், இவள் இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு போனாள். சத்யை என்னும் ஓண விருந்துக்குக்கூட நிற்காமல் மதியமே திரும்பி வந்து, கசவு என்னும் சரிகைக் கரை போட்ட அந்த முண்டைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த வீட்டுத் துணிகளோடு அப்படியே அமுக்கிவிட்டு, அப்பத்தாவின் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இரவு மெல்லக் கேட்டபோது சொன்னாள்: காலை முழுவதும் அந்தப் பையனும் தோழியும் பூக்களம் என்னும் பூக்கோலத்துக்குச் செண்டுமல்லியை உதிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். “எங்கிட்டப் பேசறப்ப அவன் மெதுவாப் பேசுவாம்மா. அவகிட்ட வேகமாப் பேசினான்” என்றாள். அது ஏன் அவ்வளவு வலித்தது என்று நான் யோசித்து முடிப்பதற்குள், “நீங்களும் அப்பா இருக்கறப்ப வேற மாதிரித்தான் சிரிக்கிறீங்க” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று வாரங்களாகத் தோழியோடு பேச்சில்லை. என்னோடும் ஏறக்குறைய இல்லை. கணவருக்கு எதுவும் தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டுமா? பையனோடு பேசக் கூடாது என்று தடுக்க வேண்டுமா? எது முதலில் என்று தெரியவில்லை.

பழைய தமிழ் டீச்சர் எழுதியது:

அம்மா, சித்தூர் வட்டத்தின் தமிழ் வழி வகுப்புகளில் 28 ஆண்டுகள் நின்றவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். 16 வயதில் ஒரு பையனைப் பிடித்துப்போவது நோயல்ல. உங்கள் மகளின் நிலையில் நான் முதலில் பார்ப்பது காதலை அல்ல, மொழியை.

சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்த காலத்திலும் சரி, 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவான பிறகும் சரி, இந்தக் கிழக்குப் பகுதியின் வீடுகளில் தமிழ்தான் பேசப்படுகிறது. பத்தாம் வகுப்புவரை நம் பிள்ளைகளுக்கு அது குறையாகத் தெரிவதில்லை. பிளஸ் ஒன்னில் முதல் வாரம் எல்லோரும் சிரிக்கிற ஒரு நகைச்சுவைக்கு இவர்கள் மட்டும் அரை நொடி தாமதமாகச் சிரிக்கும்போதுதான் தெரிகிறது. முதல் மாணவியாக இருந்தவள் திடீரென்று வாய் திறக்காதவளாகிவிடுகிறாள். அந்த இடத்தில், கேலி செய்யாமல் எழுத்தைத் திருத்திக்கொடுக்கிற ஒருவன் அவளுக்குப் பெரிய மனிதனாகத் தெரிவதில் வியப்பில்லை. அவன் தன்னிடம் மெதுவாகப் பேசியதை அவள் அன்பு என்று எடுத்துக்கொண்டிருந்தாள். தோழியிடம் வேகமாகப் பேசுவதைக் கேட்ட அன்று, அது தனக்காகச் செய்யப்பட்ட சலுகையோ என்ற ஐயம் வந்துவிட்டது. தோழியிடம் பொறாமை என்பதைவிட, தோழியின் நாக்கிடம் பொறாமை என்று சொல்வேன்.

தடை போடாதீர்கள், ஆனால் எல்லையைச் சொல்லுங்கள். பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர் பார்க்கப் பேசுவதும் எழுத்துப் பழகுவதும் வேறு. தனியே எங்காவது போவதும், போனில் படங்களை அனுப்புவதும் வேறு. இதை மிரட்டலாக இல்லாமல் தகவலாகவே சொல்லலாம். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிறையாதவரின் விருப்பத்தைச் சம்மதமாகக் கொள்வதில்லை. ஆகவே எல்லை மீறினால் இருவரும் விரும்பினார்கள் என்ற பேச்சு அங்கே நிற்காது. பையனும் சிறுவன் என்றால் சிறார் நீதி வாரியத்தின் முன் போய் நிற்பான். பாலியல் நோக்கம் இல்லாமல் பேசுவதற்கும் கடிதம் எழுதுவதற்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதியை மட்டும் சொன்னால் அவள் பயந்துபோய் எதையும் சொல்லாமல் மறைத்துவிடுவாள்.

பள்ளியில் ஆலோசகர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது. அவளுக்காக மட்டுமல்ல, நீங்களும் பேசலாம்.

கோபாலபுரம் செக்போஸ்ட் எழுதியது:

இதற்கு இத்தனை நீளமான ஆராய்ச்சி தேவையில்லை. பெண்ணின் போனை வாங்கி வையுங்கள். பொள்ளாச்சியில் உறவினர் வீடு இருந்தால் அங்கே மாற்றிச் சேருங்கள். தகப்பனுக்குத் தெரியாமல் வீட்டில் ஒன்று நடக்கிறது என்பதே தவறு. நாளைக்குப் பிரச்சினை என்றால் நீங்களும் உடந்தை என்றுதான் பேசுவார்கள்.

சோகநாசினிக் கரை எழுதியது:

மேலே எழுதிய அண்ணாவுக்கு: என்னை அப்படித்தான் மாற்றினார்கள். உடுமலைப்பேட்டையில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். கேரளப் பாடத்திட்டத்தில் பாதி வழியில் இருந்தவள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்குள் போய் விழுந்ததில் ஒரு ஆண்டு வீணாயிற்று. காதல் குறைந்ததா என்றால், இல்லை. பார்க்காதவரைப் பற்றி நினைப்பதற்கு நேரம் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான். இப்போது சித்தூரில் தமிழ் முதுகலை படிக்கிறேன்.

அம்மா, என் கதையில் வந்தது அப்பா அல்ல, அண்ணி. அண்ணனுக்குத் திருமணம் ஆன மூன்றாவது மாதம் என் முதல் காதல் தொடங்கியது என்பதை நான் இருபது வயதில்தான் கணக்குப் பார்த்தேன். அதுவரை சாயங்காலம் அடுப்படித் திட்டில் உட்கார்ந்து அம்மாவோடு கதைபேசியது நான். அந்தத் திட்டில் அண்ணி உட்கார்ந்தார். நல்லவர், இன்றைக்கும் என்மேல் பாசமாக இருப்பவர். ஆனால் உட்கார்ந்த இடம் என்னுடையது.

பொறாமை எப்படி வேலை செய்யும் என்று ஒன்று மட்டும் சொல்கிறேன். இரவு 11 மணிக்குப் போர்வைக்குள் வாட்ஸ்அப்பைத் திறப்பேன். அவன் பெயரின் கீழ் ‘ஆன்லைன்’ என்று இருக்கும். உடனே என் தோழியின் பெயரைத் திறப்பேன்; அவளும் ‘ஆன்லைன்’. இருவரும் ஒருவரோடொருவர்தான் பேசுகிறார்கள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அதே நேரத்தில் ஊரில் பாதிப் பேர் ஆன்லைனில் இருந்திருப்பார்கள், ஏன், நானே இருந்தேன் என்பது அப்போது தோன்றவே இல்லை. அவள் அப்போது தன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பது இரண்டு ஆண்டுகள் கழித்துத் தெரிந்தபோது, மன்னிப்புக் கேட்கும் அளவுக்குக்கூட எங்களுக்கிடையே பழக்கம் மிச்சமில்லை. அவனை இழந்தது பற்றி எனக்கு இன்று ஒரு வருத்தமும் கிடையாது. அவளை இழந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் உங்கள் மகள் விஷயத்தில் நான் பையனைப் பற்றிக் கவலைப்படுவதைவிடத் தோழியைப் பற்றிக் கவலைப்படுகிறேன். வாளியிலிருந்து அந்தச் செட் முண்டை எடுத்துவிட்டீர்களா? கசவில் மற்றத் துணியின் சாயம் ஏறியிருந்தால் போவது கடினம்.

எருத்தேம்பதி அம்மா எழுதியது:

அன்று மாலையே எடுத்து அலசிவிட்டேன், அம்மிணி. ஓரத்தில் லேசாக ஒரு நீலம் ஏறியிருந்தது. எலுமிச்சைச் சாறு தேய்த்து வெயிலில் போட்டுப் பார்த்தேன், பெரும்பாலும் போய்விட்டது. இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, என் பீரோவில்தான் இருக்கிறது.

அடுப்படித் திட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அன்று முழுவதும் வேலை ஓடவில்லை.

திண்ணைக்காரர் எழுதியது:

சகோதரி, உங்கள் கணவரின் பக்கத்திலிருந்து யாரும் எழுதவில்லை. நான் 14 ஆண்டுகள் அபுதாபியில் இருந்துவிட்டு வேலந்தாவளத்துக்குத் திரும்பியவன்.

வந்த புதிதில் நான் செய்த முதல் காரியம், இரவு பத்து மணிக்கு வீட்டு விளக்குகளை அணைத்தது. எட்டுப் பேர் படுக்கும் கேம்ப் அறையில் அதுதான் சட்டம். காலை நான்கரைக்கு வண்டி வந்துவிடும். என் மகள் இருட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்ததைக் கவனிக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவளும் ‘படிக்க வேண்டும்’ என்று சொல்லவில்லை. விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தாளாம். நாங்கள் குடும்பத்துக்காகப் போகிறோம், திரும்பி வரும்போது எங்கள் இடம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வருகிறோம். இருக்காது. இல்லாமல் குடும்பம் நடத்தப் பழகியதற்காக வீட்டாரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சங்கடத்தில்தான் அதிகாரம் செய்யத் தோன்றும். உங்கள் கணவருக்கும் தோன்றலாம்.

ஆகவே அவரிடம் சொல்லுங்கள், ஆனால் இரண்டையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். முதலில் பாயைப் பற்றிச் சொல்லுங்கள். பதினோரு ஆண்டுகள் அவள் எங்கே படுத்தாள், விளக்கை அணைத்த பிறகு என்ன பேசினாள் என்பது அவருக்குத் தெரியாது. தொலைபேசியில் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைக் கேட்டு அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு, பிறகு பச்சை மையைப் பற்றிச் சொல்லலாம். பையனை முதலில் சொன்னால், அவர் காதில் பாய் விழவே விழாது. செக்போஸ்ட் நண்பர் சொன்னதில் ஒன்று மட்டும் சரி: தகப்பனிடம் நெடுநாள் மறைக்கக் கூடாது. மறைத்தது தெரியும் நாளில் அவர் கோபம் மகளிடம் போகாது, உங்களிடம் வரும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் அவள்தான்.

எருத்தேம்பதி அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

பாயைப் பற்றிச் சொன்னேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சனிக்கிழமை நான் திண்ணையில படுத்துக்கறேன்” என்றார். கொசு கடிக்கும் என்றேன். கேம்ப்பில் மூட்டைப்பூச்சியோடே படுத்தவனுக்குக் கொசு ஒரு பொருட்டா என்றார். இரண்டு சனிக்கிழமைகள் ஆகிவிட்டன. முதல் சனிக்கிழமை மகள் என் பக்கத்தில் படுத்தாள், ஒரு சொல் பேசவில்லை. இரண்டாவது சனிக்கிழமை விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து, வேதியியல் டீச்சர் பேசும் விதத்தை நடித்துக் காட்டினாள். மலையாளத்தில் நடித்தாள். எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் சிரித்தேன்.

பையனைப் பற்றி டீச்சர் சொன்ன எல்லைகளை அவளிடம் சொல்லிவிட்டேன். “அவ்வளவெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றாள்; அது உண்மையா, என்னை அமைதிப்படுத்தவா என்று எனக்குத் தெரியாது. கணவரிடம் இந்த மாதத்துக்குள் சொல்வதாக இருக்கிறேன்.

எனக்கு மலையாள எழுத்து கற்றுக்கொடு என்று அவளிடம் கேட்டேன். பேருந்துப் பலகை படிக்கும் அளவுக்கு இருந்தால் போதும் என்றேன். ‘கொழிஞ்ஞாம்பாறை’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். என் எழுத்தைச் சிவப்பு மையால் திருத்துகிறாள். பச்சை மையை எனக்குத் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செட் முண்டுக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் சுற்றி மேசைமேல் வைத்தேன். நானே கொண்டுபோய் அந்த அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்றேன். “வேண்டாம், வைங்க” என்றாள். திங்கட்கிழமை காலை அது மேசைமேல் இல்லை. மாலையில் வழக்கமாக வரும் பேருந்துக்கு அடுத்த பேருந்தில் வந்து இறங்கினாள். கையில் பொட்டலம் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை.