ஐந்து மா நிலத்துக்கு இரண்டு விழுக்காடு தரகு: நிலம் காட்டியவர் கைக்கு எவ்வளவு போகிறது?

கேள்வி: நன்னிலத்துக்காரன்

வணக்கம். திருவாரூர் மாவட்டம் நன்னிலம் வட்டத்தில், அப்பா வழியில் எங்களுக்கு வந்த ஐந்து மா (ஏறக்குறைய 165 சென்ட்) நஞ்சையை விற்பதற்கு முடிவு செய்திருக்கிறோம். நானும் தங்கையும் திருப்பூரில் குடியிருக்கிறோம். குத்தகைக்குச் செய்துவந்த பெரியவர், வயதாகிவிட்டதால், சம்பா அறுப்பு முடிந்ததும் எழுதிக் கொடுத்து நிலத்தை ஒப்படைத்துவிட்டார். மாவுக்கு ஆறு லட்சம் என்று விலை படிந்து, மொத்தம் 30 லட்சத்துக்குப் பேச்சு முடிந்திருக்கிறது.

இதில் மூன்று தரகர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலேயே இருக்கும் ஒருவர், அவரிடமிருந்து தகவல் வாங்கிய டவுன் தரகர், வாங்குபவரை அழைத்துவந்த மயிலாடுதுறைத் தரகர். டவுன் தரகர் எங்களிடம் இரண்டு விழுக்காடு, அதாவது 60,000 ரூபாய் கேட்கிறார். வாங்குபவரும் அவர் பக்கத்துக்கு அதே அளவு கொடுக்கிறாராம். "இந்தக் காலத்தில் யார் இரண்டு கொடுக்கிறார்கள், ஒன்று கொடுத்தால் போதும், வாங்கிக்கொள்வார்" என்று என் மைத்துனர் சொல்கிறார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. நிலத்தைக் காட்டிய அன்று நானும் உடன் சென்றிருந்தேன். ஊர்த் தரகர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் முன்னால் நடந்தார். ஓரிடத்தில் நின்று, மண்டிக் கிடந்த அருகம்புல்லைக் காலால் விலக்கி, எனக்கே தெரியாத எல்லைக் கல்லைக் காட்டினார். வாங்க வந்தவர் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது, "மதகிலிருந்து மூன்றாவது வயல், முறை வைத்து விடும்போது உங்களுக்குக் கடைசியில்தான் வரும், அதற்குத் தகுந்த மாதிரி விலை பேசுங்கள்" என்று மறைக்காமல் சொன்னார். நான் ஒரு விழுக்காடாகக் குறைத்தால் அந்தக் குறைவு யாருடைய பங்கில் விழும்? தரகுக்கென்று சட்டத்தில் ஏதேனும் அளவு வகுக்கப்பட்டிருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: கும்பகோணம் தரகர்

ஐயா, இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு விடை, நீங்கள் சந்தேகப்பட்டபடியேதான். தரகு குறைந்தால், குறைவு கீழே இருப்பவர் தலையில்தான் விழும்.

எங்கள் பக்கம் பொதுவான வழக்கம், விற்பவர் இரண்டு, வாங்குபவர் இரண்டு என்பதாகும். வாங்குபவர் பக்கத் தரகை அந்தப் பக்கத்தவர் வைத்துக்கொள்வார்கள். உங்களிடம் வரும் 60,000 ரூபாய் மட்டும்தான் டவுன் தரகருக்கும் ஊர்த் தரகருக்கும் பொது. நான் பாதிக்குப் பாதி பிரிப்பவன். ஆனால் பலர் ஊர்த் தரகருக்கு மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் அவருக்கு 20,000 வரும். நீங்கள் ஒரு விழுக்காடாகக் குறைத்து 30,000 கொடுத்தால், டவுன் தரகர் "வில்லங்கம் போட்டது, பெட்ரோல், சர்வேயருக்கு அலைந்தது எல்லாம் என் செலவு" என்று சொல்லி 20,000-க்கு மேல் தமக்கு நிறுத்திக்கொள்வார். மிச்சத்தில்தான் அந்த மனிதருக்கு ஐயாயிரமோ எட்டாயிரமோ போகும். அவருக்கு ரசீது இல்லை, பேரம் பேச இடமில்லை, உங்கள் தொலைபேசி எண்கூட டவுன் தரகர் வழியாகத்தான் அவருக்குத் தெரியும்.

இந்தத் தொழிலின் வருமானம் எப்படி வருகிறது என்பதையும் சொன்னால்தான் இரண்டு விழுக்காடு என்பது அதிகமா குறைவா என்று நீங்கள் எடைபோட முடியும். டெல்டாவில் நஞ்சை கைமாறுவது பெரும்பாலும் தை அறுப்பு முடிந்ததிலிருந்து ஜூன் 12 மேட்டூர் திறப்பு வரைக்கும்தான். வயலில் பயிர் நிற்கும்போது யாரும் வரப்பில் இறங்கி இடம் பார்ப்பதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் போட ஆள் வருவதில்லை. சென்ற ஆண்டு நான் காட்டிய இடங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கும். கிரயம் முடிந்தவை ஆறு. மீதி இடங்களுக்கெல்லாம் ஓடிய பெட்ரோலும் போன நாட்களும் அந்த ஆறில் கிடைத்த தரகிலிருந்துதான் ஈடாக வேண்டும்.

எல்லாரும் தரகில் ஏன் கைவைக்கிறார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. வாங்குபவர் முழு 30 லட்சத்தையும் பத்திரத்தில் காட்டினால், 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமுமாக 2,70,000 ரூபாய் அரசுக்குச் செலுத்துகிறார். அதில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்க முடியாது. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தாலும், அதே சமயம், தீர்வை கணக்கிட அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு 2017-க்கு முந்தைய உயர்ந்த அளவுக்குப் போய்விட்டது. ஆகவே, மொத்தச் செலவில் பேரம் பேசக் கூடிய ஒரே இனமாகத் தரகு மட்டும்தான் நிற்கிறது. வாங்குபவர் தம் பக்கத்தில் அரை விழுக்காடு குறைத்தார் என்று தெரிந்தால் விற்பவரும் குறைக்கிறார். இரண்டு பக்கமும் சுருங்கியபின் கடைசி ஆளிடம் என்ன மிஞ்சும் என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் இப்போது வயல் காட்டுவதையே விட்டுவிட்டு மனைப்பிரிவுகளுக்குப் போய்விட்டார்கள். அங்கே மனை போட்டவரே விற்பனைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுத்துவிடுகிறார்; வாங்குபவரிடம் கையேந்த வேண்டியதில்லை. நான் போகவில்லை. எந்த வயலுக்கு எந்த வாய்க்காலில் பாத்தியம், எந்த நிலம் கோயில் நிலத்தை ஒட்டியது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் மனை விற்கப் போய்விட்டால், நாளைக்கு உங்களைப் போன்றவர்கள் நிலத்தை யாரிடம் கேட்டு வாங்குவார்கள், விற்பார்கள் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

பதில்: திருவாரூர் வாசகி

என் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இது விழுக்காடே பேசாமல் ஏமாந்த கதை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் பெயரில் இருந்த மனையை விற்றோம். தரகர் மிகவும் பணிவாகப் பேசினார். "தரகே வேண்டாம் அக்கா, உங்கள் கைக்கு எவ்வளவு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். நாங்களும் கைக்கு 18 லட்சம் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டோம். பதிவு நாளில், சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் டோக்கனுக்காக உட்கார்ந்திருந்தபோது, வாங்கியவரின் மனைவி என் பக்கத்தில் அமர்ந்து, நகையை அடகு வைத்ததிலிருந்து தம் கஷ்டங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். "இருபத்திரண்டரை என்றால் எங்களுக்குச் சும்மாவா" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அம்மா கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். நாலரை லட்சம் நடுவில் போயிருக்கிறது. விற்ற விலையில் அது ஐந்தில் ஒரு பங்கு.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது வேறு ஒன்று. மனையைச் சுத்தம் செய்து, வந்தவர்களுக்கெல்லாம் நடந்து காட்டிய பக்கத்துத் தெருப் பையனுக்கு அந்த நாலரை லட்சத்தில் ஐயாயிரம்தான் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு விழுக்காடு என்று வெளிப்படையாகக் கேட்கும் தரகர் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார். அவரைக் குறைத்துக் குறைத்துப் பேசினால், அடுத்த முறை அவரும் "கைக்கு எவ்வளவு" என்று கேட்கக் கற்றுக்கொள்வார்.

பதில்: மன்னார்குடி பத்திர எழுத்தர்

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிலத் தரகு இத்தனை விழுக்காடுதான் என்று எந்தச் சட்டமும் வகுக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்யப்பட்ட மனைப்பிரிவிலோ அடுக்குமாடியிலோ விற்றுக் கொடுக்கும் முகவர் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. அவர் தம் பதிவு எண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். தரகின் அளவை அதுவும் தொடவில்லை. உங்களுடையது போல ஒருவர் மற்றொருவருக்கு விற்கும் நஞ்சைக்கு அந்தப் பதிவு தேவைப்படுவதில்லை.

ஆனால் தரகருக்கும் உங்களுக்கும் இடையில் சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகமை பற்றிய பகுதி தரகருக்கும் பொருந்தும். வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத பட்சத்தில், ஒப்புக்கொண்ட வேலை முடிந்த பிறகுதான் முகவருக்கு ஊதியம் சேர வேண்டும் என்பது 219-ஆம் பிரிவு. முறைகேடாக நடந்த முகவர், எந்த வேலையில் முறைகேடு செய்தாரோ அதற்கு ஊதியம் கேட்க முடியாது என்பது அடுத்த பிரிவு. உங்களுக்குத் தெரியாமல் முகவரே தம் கணக்கில் அந்த வியாபாரத்தைச் செய்துகொண்டால், அதில் அவருக்குக் கிடைத்த ஆதாயத்தை நீங்கள் கேட்டுப் பெறலாம் என்கிறது 216-ஆம் பிரிவு. மேலே அந்த அம்மா எழுதியதில் சிக்கல் என்னவென்றால், "கைக்கு 18 போதும்" என்று அவர்களே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்த்தரப்பு அதையே சம்மதமாகக் காட்டும். அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் சொல்லாதீர்கள் என்று என்னிடம் வருபவர்களிடமெல்லாம் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொல்லும் வழி எளியது. அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே, ஒரு வெள்ளைத் தாளில் சர்வே எண், பரப்பு, பேசிய விலை ஆகியவற்றை எழுதி, தரகு இத்தனை விழுக்காடு என்பதோடு நிறுத்தாமல் இத்தனை ரூபாய் என்றும் எழுதுங்கள். அது கிரயம் பதிவாகும் நாளில் கொடுக்கப்படும் என்றும், யார் யாருக்கு எவ்வளவு என்றும் பெயரோடு எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள். பரப்பை மாவில் மட்டும் எழுத வேண்டாம். ஐந்து மா என்பது நம் கணக்கில் 500 குழி, ஏறக்குறைய 165 சென்ட். பட்டாவில் ஹெக்டேரில்தான் இருக்கும். இரண்டுக்கும் சிறு வேற்றுமை இருந்து, கடைசி நாளில் விலையும் தரகும் சேர்ந்து தகராறானதை நான் பார்த்திருக்கிறேன்.

தரகை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குவது உங்களுக்கும் நல்லது. கிராமத்து விவசாய நிலம் வருமான வரியில் மூலதனச் சொத்தாகக் கொள்ளப்படுவதில்லை. அதனால் உங்களுக்கு இது பெரிதாகப் படாமல் இருக்கலாம். ஆனால் நகராட்சிக்குள்ளோ அதை ஒட்டியோ மனை விற்பவர்கள், மூலதன ஆதாயம் கணக்கிடும்போது விற்பனைக்காகக் கொடுத்த தரகைக் கழித்துக்கொள்ளலாம். ரசீது இல்லாத தரகை யாரிடம் காட்டிக் கழிப்பது?

கேட்டவரின் மறுமொழி: நன்னிலத்துக்காரன்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு தங்கையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். 60,000 ரூபாயைக் குறைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். அதை இரண்டாகப் பிரித்து, ஊர்த் தரகருக்கு 30,000 ரூபாயை அவர் வங்கிக் கணக்கில் நாங்களே போடுவதாக டவுன் தரகரிடம் தொலைபேசியில் சொன்னேன். முதலில், "அவருக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள்" என்றார். எல்லைக் கல்லைக் காட்டியது அவர்தான், தாளில் அவர் பெயரும் இருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொன்னபின் ஒப்புக்கொண்டார். வரும் வியாழக்கிழமை ஊருக்குச் சென்று எழுதப் போகிறோம்.

கும்பகோணம் ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி. அட்வான்ஸ் போட்ட பிறகு வாங்குபவர் பின்வாங்கிவிட்டால், இத்தனை மாதம் அலைந்த ஊர்த் தரகருக்கு ஏதேனும் கொடுப்பது வழக்கமா?

பதில்: கும்பகோணம் தரகர்

வழக்கத்தில் ஒன்றும் இல்லை ஐயா. கிரயம் ஆகாவிட்டால் எங்களுக்கு வெறுங்கைதான். ஆனால் வாங்குபவர் பின்வாங்கி, ஒப்பந்தப்படி அட்வான்ஸ் உங்களிடமே நிற்கும்படி ஆனால், அதில் ஒரு சிறு தொகையை ஊர்த் தரகருக்கு என்று ஒதுக்கி, வியாழக்கிழமை எழுதும் தாளிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். நீங்கள் பின்வாங்கினால் என்ன என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். தாளின் நகல் ஒன்று அவர் கையிலும் இருக்கட்டும்; டவுன் தரகரிடம் கொடுத்து அனுப்பாமல் நீங்களே கொடுங்கள்.